இன்குபேட்டரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்

நுண்ணுயிரியலும் உயிரித்தொழில்நுட்பமும் பயிலும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு மாணவர்களே,

உங்கள் செய்முறைப் பதிவேட்டில் ஈஸ்ட் வளர்ப்பு பற்றிய பக்கத்தைப் புரட்டினால் ஓர் எண் கட்டாயம் இருக்கும்: 30 டிகிரி செல்சியஸ். ஊடகத்தைத் தயாரித்து, ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்கி, ஈஸ்ட்டைக் கலந்து, இன்குபேட்டரை 30-இல் வைத்துவிட்டு மறுநாள் காலை வந்து பார்ப்பது வழக்கம். உகந்த வெப்பநிலை எது என்று வினாத்தாள் கேட்டால் இந்த எண்ணுக்கு மதிப்பெண் உண்டு. எண்ணில் தவறில்லை. சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட் மிக வேகமாகப் பெருகுவது 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான்.

அதே ஈஸ்ட்டை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளை ஒயின் செய்பவர்களில் பலர் அதை 12 முதல் 16 டிகிரியில் வைத்து வேலை வாங்குகிறார்கள். சிலர் 10 டிகிரி வரைக்கும் இறங்குகிறார்கள். சூட்டில் சில நாளில் முடிந்துவிடக்கூடிய நொதித்தலை, மின்கட்டணம் கட்டித் தொட்டியைக் குளிர்வித்து, வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். இடையில் ஈஸ்ட் சோர்ந்து நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. தெரிந்தேதான் செய்கிறார்கள்.

குளிரில் ஈஸ்ட் என்ன செய்யும் என்று வகுப்பில் கேட்டால், ‘மெதுவாக வேலை செய்யும்’ என்று பதில் வரும். இந்த மடலின் வாதமே அந்தப் பதில் போதாது என்பதுதான். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வேதிவினைகளின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். அது எல்லா உயிருக்கும் பொது. குளிர்ந்த தொட்டியில் உயிர்பிழைக்கும் ஈஸ்ட் அதற்கு மேலும் ஏராளமான வேலை செய்கிறது. தன் சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்கிறது, புரதம் செய்யும் ஏற்பாட்டைப் பெருக்குகிறது, உணவு உள்ளே வரும் வாசல்களைச் சரிசெய்கிறது. இத்தனையும் 30 டிகிரி இன்குபேட்டருக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் கண்ணில் படுவதேயில்லை.

இது யாரையும் குடிக்கச் சொல்லும் மடல் அன்று. ஒயின் தொட்டி இங்கே ஒரு சோதனைச்சாலை, அவ்வளவுதான்.

முதலில் இந்தத் தொழில்காரர்கள் ஏன் குளிரைத் தேடிப் போகிறார்கள் என்று பார்க்கலாம். ஒரு லிட்டர் திராட்சைச் சாற்றில் 200 கிராம் சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 10,000 லிட்டர் தொட்டி என்றால் 5 லட்சம் லிட்டர் வாயு. இவ்வளவு வாயுவும் சாற்றுக்குள் குமிழாகப் புறப்பட்டு மேலே வரும்போது, எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களையும் கூடவே அடித்துக்கொண்டு போகிறது. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட், ஆப்பிளை நினைவூட்டும் எத்தில் ஹெக்சனோயேட் போன்ற எஸ்டர்களை உண்டாக்குவது ஈஸ்ட்தான். சூடான தொட்டியில் அவற்றில் பெரும்பங்கு கூரை வழியே போய்விடும். குளிர்ந்த தொட்டியில் அவை ஒயினிலேயே தங்கும்.

திராட்சையிலிருந்தே வரும் மணத்துக்கும் இது பொருந்தும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் குடும்பத்துக்கே உரிய அந்த வாசம் லினலூல், ஜெரானியால் முதலான டெர்பீன்களால் வருவது. கையில் எடுத்தாலே மணக்கிற பழம் என்றால், மணம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட சாற்றைக் கொதிகொதியென்று நொதிக்கவிட்டால் என்ன மிஞ்சும்?

தொட்டி தானாகச் சூடேறுவதுதான் அடுத்த தலைவலி. நொதித்தல் வெப்பம் உமிழும் வினை. 200 கிராம் சர்க்கரை உமிழும் வெப்பம் முழுவதும் அந்த ஒரு லிட்டரிலேயே தங்கினால் சாற்றின் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சிறிய மரப்பீப்பாயில் வெப்பம் பக்கவாட்டில் கசிந்துபோகும். பெரிய தொட்டியில் போக வழியில்லை. பழைய காலத்தில் ஐரோப்பாவின் வடபகுதிக்காரர்களுக்கு இலையுதிர்காலக் குளிரும் நிலவறையும் கைகொடுத்தன. வெப்பநாட்டுக்காரர்களுக்கு இயந்திரக் குளிரூட்டல் வரும்வரை விடிவில்லை. ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 1953-இல் ஒர்லாண்டோ நிறுவனம் ஜெர்மனியிலிருந்து அழுத்தத் தொட்டிகளைத் தருவித்து, குளிரிலும் அழுத்தத்திலும் ரீஸ்லிங் ஒயினை நொதிக்கவைத்தது. பழமணம் மாறாத அந்த வெள்ளை ஒயின் அந்நாட்டு ஒயின் தொழிலின் போக்கையே திருப்பிவிட்டது. உறைபோட்ட துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் அந்த உறைக்குள் ஓடும் குளிர்திரவமும் இன்று நாசிக் வரை சாதாரணமாகிவிட்டன.

எஃகும் குளிரூட்டியும் மனிதர் பக்க ஏற்பாடு. ஈஸ்ட் பக்கத்தில் நடப்பதைப் பார்க்க, அது தொட்டிக்குள் இறங்கும் முதல் அரை மணி நேரத்தைக் கிட்டத்தில் நின்று கவனிக்க வேண்டும்.

ஒயின் ஈஸ்ட் பெரும்பாலும் உலர்ந்த மணிகளாகப் பொட்டலத்தில் வருகிறது. பொட்டலத்தைப் பிரித்து நேரே குளிர்ந்த சாற்றில் கொட்டக் கூடாது. ஈஸ்ட்டின் எடையைப் போலப் பத்து மடங்கு நீர், 35 முதல் 40 டிகிரி வரையான இளஞ்சூடு. அதில் ஈஸ்ட்டைத் தூவி ஏறக்குறைய 20 நிமிடம் ஊறவிட வேண்டும். உலர்ந்த செல்லின் சவ்வு விறைத்துக் கிடக்கும். நீர் பட்டு அது இளகும் நேரத்தில் குளிர் தாக்கினால் சவ்வு சரியாக மூடிக்கொள்ளாது, உள்ளே இருப்பது வெளியே கசியும், செல்கள் கொத்துக்கொத்தாகச் சாகும். ஊறி முடிந்த கலவை நுரைத்துப் பொங்கி நிற்கும். ரொட்டிக்கடை வாசம் வரும். இப்போது கலவை 36 டிகிரியில் இருக்கிறது, தொட்டியில் உள்ள சாறு 12 டிகிரியில் இருக்கிறது. நேரே ஊற்றினால் 24 டிகிரி வீழ்ச்சி. விவரம் தெரிந்தவர்கள் தொட்டிச் சாற்றைக் கொஞ்சம் எடுத்துக் கலவையில் விடுவார்கள், காத்திருப்பார்கள், மறுபடி விடுவார்கள். கலவைக்கும் சாற்றுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று தெர்மாமீட்டர் சொன்ன பிறகே தொட்டிக்குள் இறக்குவார்கள்.

இந்தப் பொறுமைக்குக் காரணம் செல் சவ்வு. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதற்குள் புரதங்கள் மிதந்து நகர்ந்து, வளைந்து நிமிர்ந்து வேலை பார்க்க வேண்டும். கொழுப்பு இறுகினால் புரதங்களும் இறுகிப்போகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்க, பக்கத்தில் நல்லெண்ணெய் திரவமாகவே இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முன்னதில் நிறைவுற்ற கொழுப்பமிலங்கள் மிகுதி, பின்னதில் நிறைவுறாதவை மிகுதி. குளிரில் ஈஸ்ட் எடுக்கும் முடிவும் இதே திசையில்தான்: சவ்வில் நிறைவுறாக் கொழுப்பமிலங்களின் பங்கைக் கூட்டுவது.

உருகுநிலைகளைப் பாருங்கள். 18 கார்பன் உள்ள ஸ்டியரிக் அமிலம் உருக 69 டிகிரி வேண்டும். அதே 18 கார்பன் சங்கிலியின் நடுவில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு விழுந்தால் அது ஓலிக் அமிலம். 13 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு பிணைப்புக்கு 56 டிகிரி வித்தியாசம். சங்கிலியைக் குட்டையாக்குவது இன்னொரு வழி: 16 கார்பன் பால்மிட்டிக் அமிலம் 63 டிகிரியிலும் 12 கார்பன் லாரிக் அமிலம் 44 டிகிரியிலும் உருகும். சவ்வில் இவை பாஸ்போலிப்பிட்களின் உறுப்பாக இருப்பதால் எண்கள் மாறும், போக்கு மாறாது. குளிரில் வளரும் ஒயின் ஈஸ்ட்டின் கொழுப்பை அளந்தவர்கள் இரண்டு வழிகளையும் அது கையாளுவதைக் கண்டிருக்கிறார்கள். இரட்டைப் பிணைப்பும் கூடுகிறது, குட்டைச் சங்கிலிகளும் கூடுகின்றன.

சவ்வு இறுகிவிட்டது என்று ஈஸ்ட்டுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கான விடை நுட்பமானது. எம்.ஜி.ஏ-2 என்ற புரதம் செல்லுக்குள் எண்டோபிளாச வலையின் சவ்வில் குத்திட்டு நிற்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டியது. சவ்வைத் துளைத்து நிற்கும் அதன் சுருளில் 1042-ஆவது இடத்தில் டிரிப்டோஃபேன் என்ற பருத்த அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. சுற்றியுள்ள கொழுப்பு நெருக்கமாக அடுக்கப்பட்டால் அந்தப் பருத்த பகுதிக்கு இடம் போதாமல் சுருளே திரும்பிக்கொள்கிறது. அதன் விளைவாகப் புரதத்தின் முன்பகுதி வெட்டப்பட்டு விடுபடுகிறது. அது உட்கருவுக்குப் போய் ஓ.எல்.இ-1 என்ற மரபணுவை முடுக்குகிறது. கொழுப்பமிலத்தில் இரட்டைப் பிணைப்பு போடும் நொதியைச் செய்வது அந்த மரபணுதான்.

ஏற்பாடு கச்சிதம். ஆனால் ஒரு சிக்கல்: ஓ.எல்.இ-1 நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும்.

நொதிக்கும் தொட்டியில் ஆக்சிஜன் ஏது? தொடக்கத்தில் சாற்றில் கரைந்திருப்பதை ஈஸ்ட் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். சவ்வுக்கு உறுதி தரும் எர்கோஸ்டெராலுக்கும் அதே கதிதான். ஸ்குவாலினிலிருந்து ஒரு மூலக்கூறு எர்கோஸ்டெரால் செய்து முடிக்க 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகும். எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பமிலத்தையும் வெளியிலிருந்து கொடுத்தால்தான் காற்றில்லாத இடத்தில் ஈஸ்ட் தொடர்ந்து பெருகும் என்பதை ஆண்ட்ரியாசன், ஸ்டியர் இருவரும் 1953-லும் 1954-லும் காட்டிவிட்டார்கள். ஆக, குளிர் கேட்கும் கொழுப்பும் காற்றில்லாமை தடுக்கும் கொழுப்பும் ஒன்றே. குளிர்நொதித்தலில் ஈஸ்ட் படும் பாட்டின் மையம் இதுதான்.

ஒயின்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியங்களை இப்போது படித்தால் காரணம் புரியும். நொதித்தல் சூடுபிடிக்கும் முதல் நாள்களில் சாற்றுக்குக் கொஞ்சம் காற்றுக் காட்டுவார்கள். செத்த ஈஸ்ட்டிலிருந்து எடுத்த, ஸ்டெரால் நிறைந்த ஊட்டப்பொருளை ஊறவைக்கும் நீரில் சேர்ப்பார்கள். சாற்றைக் கண்ணாடிபோலத் தெளியவிட மாட்டார்கள். திராட்சைத் தோலின் துகள்களில் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் உண்டு. ஈஸ்ட் அவற்றை அப்படியே எடுத்துத் தன் சவ்வில் பொருத்திக்கொள்ளும். அளவுக்கு மீறித் தெளிய வைத்த சாறும் கடுங்குளிரும் சேர்ந்தால் நொதித்தல் பாதியில் நிற்பதற்கு முழு ஏற்பாடும் ஆயிற்று.

சவ்வு இறுகுவதன் அடுத்த அடி சாப்பாட்டில் விழுகிறது. அமினோ அமிலங்களை உள்ளே கொண்டுவருவது சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள். குளிரில் அவை எல்லாமே மந்தமாகும். மிக மோசமாகப் பாதிக்கப்படுவது டிரிப்டோஃபேனைக் கொண்டுவரும் டி.ஏ.டி-2. ஜப்பானிய ஆய்வாளர்கள் அபேயும் ஹொரிகோஷியும் ஈஸ்ட்டை உயர் அழுத்தத்திலும் குளிரிலும் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் வளர்ச்சியை முதலில் முடக்குவது டிரிப்டோஃபேன் பற்றாக்குறை என்று தெரிந்தது. டி.ஏ.டி-2 மரபணுவைக் கூடுதலாக ஏற்றிய ஈஸ்ட் அந்தத் தடையைத் தாண்டி வளர்ந்தது.

உங்கள் ஆய்வகத்துக்கு இதில் ஒரு நேரடி எச்சரிக்கை இருக்கிறது. டபிள்யூ-303 போன்ற பெயர்பெற்ற ஆய்வக ஈஸ்ட்களுக்கு டிரிப்டோஃபேனைச் சொந்தமாகச் செய்யும் திறன் கிடையாது. மரபணுப் பரிசோதனைகளின் வசதிக்காக அந்தக் குறையோடுதான் அவை வளர்க்கப்படுகின்றன. அப்படிப்பட்ட ஈஸ்ட்டைக் குளிரில் வைத்து, அது வளரவில்லை என்று பார்த்து, ‘ஈஸ்ட்டுக்குக் குளிர் ஆகாது’ என்று எழுதினால் பழி தவறான இடத்தில் விழும். வளராமல் போனதற்குக் காரணம் அந்தக் குறிப்பிட்ட ஈஸ்ட்டின் ஊனம். ஒயின் ஈஸ்ட்டுக்கு அந்த ஊனம் இல்லை.

இன்னும் உள்ளே போனால் ஆர்.என்.ஏ. குளிரில் ஆர்.என்.ஏ. இழைகள் தம்மைத் தாமே மடித்துக்கொண்டு இறுகும்; ரைபோசோம் அவற்றின்மேல் ஓடிப் புரதம் செய்வது கடினமாகும். இழைகளைப் பிரித்துவிடும் நொதிகளும் கூடுதல் ரைபோசோம்களும் தேவைப்படுகின்றன. 2004-இல் வந்த ஓர் ஆய்வு, ஈஸ்ட்டைச் சட்டென 10 டிகிரிக்கு இறக்கிவிட்டு மரபணுக்களின் இயக்கத்தை நேரவாரியாகப் பதிவு செய்தது. முதல் இரண்டு மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. வேலைகளுக்கும் கொழுப்பு வேலைகளுக்கும் உரிய மரபணுக்கள் எழுந்தன. 12 மணி நேரத்துக்குப் பிறகு வேறொரு கூட்டம் எழுந்தது: வெப்பம், வறட்சி, பட்டினி என எந்தத் துன்பத்திலும் ஈஸ்ட் கூப்பிடும் பொதுவான காப்பு மரபணுக்கள். டிரெஹலோஸ் என்ற காப்புச் சர்க்கரையும் கிளைகோஜனும் செல்லில் சேர்ந்தன.

இத்தோடு விட்டிருந்தால் பாடநூலில் ஒரு வரி சேர்ந்திருக்கும்: குளிருக்கு ஈஸ்ட்டின் பதில் டிரெஹலோஸ். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். குடுவையில் வளரும் ஈஸ்ட் குளிரில் மெதுவாகிறது. அப்போது காணும் மாற்றம் குளிரால் வந்ததா, மெதுவானதால் வந்ததா? இரண்டையும் பிரிக்க அவர்கள் கீமோஸ்டாட்டைப் பயன்படுத்தினார்கள். உணவு சொட்டிக்கொண்டே இருக்கும், அதே அளவு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட் எவ்வளவு வேகத்தில் பெருக வேண்டும் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யலாம். 12 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஈஸ்ட்டை ஒரே வேகத்தில், அதாவது ஏறக்குறைய 23 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் வேகத்தில், நிலையாக வளர்த்தார்கள்.

2007-இல் வந்த முடிவு பலருடைய எதிர்பார்ப்பைப் புரட்டியது. 12 டிகிரியில் பழகி வாழும் ஈஸ்ட்டில் பொதுக்காப்பு மரபணுக்கள் கூடவில்லை, குறைந்திருந்தன. டிரெஹலோஸுக்கும் அங்கே வேலை இல்லை. ரைபோசோம் கட்டும் மரபணுக்களும் உணவைக் கொண்டுவரும் கடத்திகளின் மரபணுக்களும் கூடியிருந்தன. குளிரில் திடீரென்று விழுந்த ஈஸ்ட் வேறு, குளிரில் குடியிருக்கும் ஈஸ்ட் வேறு. முன்னது தற்காப்பில் இருக்கிறது, பின்னது வேலையில் இருக்கிறது. இரண்டையும் ‘குளிர் எதிர்வினை’ என்ற ஒரே தலைப்பில் போட்டுப் படித்தால் இரண்டும் புரியாது.

ஒயின் தொட்டியில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன. முதல் நாள் அதிர்ச்சி, பிறகு பழக்கம், கடைசியில் சர்க்கரை தீரத்தீரச் சாராயத்தின் தாக்குதல். இதற்கிடையே போட்டி வேறு. ஹேன்சேனியாஸ்போரா போன்ற காட்டு ஈஸ்ட்கள் சூடான தொட்டியில் சாராயம் கொஞ்சம் ஏறியதும் செத்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே அவற்றின் சாராயத் தாங்குதிறன் கூடுகிறது. நெடுநாள் நின்று உணவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கிரஹாம் ஃப்ளீட்டும் அவர் உடன் ஆய்வாளரும் 1988-லேயே இதைக் காட்டியிருக்கிறார்கள்.

குளிர்தான் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. மிகக் குளிரில் நொதித்த வெள்ளை ஒயின்கள் எந்த ஊர்த் திராட்சையானாலும் ஒரே மாதிரி வாழைப்பழமாகவும் பேரிக்காய் மிட்டாயாகவும் மணக்கின்றன என்ற குறை பழையது. பர்கண்டியில் ஷார்டனேயை மரப்பீப்பாயில் நொதிக்கவிடுபவர்கள் 20 டிகிரியைத் தாண்டுவதற்கு அஞ்சுவதில்லை. சிவப்பு ஒயினுக்கோ தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க வேண்டும். அதற்குச் சூடுதான் தேவை.

இதுவரை பேசியது ஒரே இனத்தைப் பற்றி. அதன் உறவினர்களிடம் போனால் கதை இன்னும் சுவாரசியமாகிறது.

பர்கண்டி, அல்சாஸ், ஹங்கேரியின் டோக்காய் போன்ற குளிர்ப்பகுதிகளில் நொதித்தலை நடத்துவது பல சமயம் செரிவிசியே அன்று, சாக்கரோமைசிஸ் உவாரம். நார்மண்டியின் ஆப்பிள் சைடரிலும் அது உண்டு. குளிரில் அது செரிவிசியேயை முந்துகிறது, கிளிசராலைக் கூடுதலாகவும் அசிட்டிக் அமிலத்தைக் குறைவாகவும் தருகிறது. இன்னோர் உறவினர் சாக்கரோமைசிஸ் குட்ரியாவ்செவி. ஜப்பானில் மக்கும் இலைகளில் முதலில் கிடைத்தது இது. குளிரை விரும்பும் இதற்கு 37 டிகிரி ஆகாது. சாராயத்தையும் செரிவிசியே அளவுக்குத் தாங்காது. அதனால் தூய குட்ரியாவ்செவி ஒயின் தொட்டியை ஆள்வதில்லை. கலப்பினமாக வந்து ஆள்கிறது. சுவிட்சர்லாந்தின் வேடன்ஸ்விலிலிருந்து வந்த டபிள்யூ-27 என்ற விற்பனை ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோது அது செரிவிசியேயும் குட்ரியாவ்செவியும் கலந்த பிறப்பு என்று தெரிந்தது. சோவிஞான் பிளாங்கின் மணத்துக்காகப் பலர் வாங்கும் வின்-7 ஈஸ்ட்டும் அப்படியே; செரிவிசியேயின் இரண்டு தொகுதியும் குட்ரியாவ்செவியின் ஒரு தொகுதியும் அதில் உள்ளன. சாராயத்தைத் தாங்கும் வலு ஒரு பெற்றோரிடமிருந்து, குளிரைத் தாங்கும் வலு மற்றொரு பெற்றோரிடமிருந்து. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. குளிர்ந்த நிலவறைகளில் தானாக நடந்து, நல்ல ஈஸ்ட் என்று மனிதர் பொறுக்கி எடுத்தது.

பீர் உலகிலும் இதே கதைதான். குளிரில் நொதிக்கும் லாகர் பீரின் ஈஸ்ட், செரிவிசியேயும் யூபயானஸ் என்ற மற்றோர் உறவினரும் சேர்ந்த கலப்பினம். அந்த யூபயானஸ் தென் அமெரிக்காவின் பாட்டகோனியாக் காடுகளில், நோத்தோஃபேகஸ் மரங்களின் பூஞ்சை முடிச்சுகளில் கிடைத்ததை 2011-இல் உலகுக்கு அறிவித்தார்கள். 2019-இல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கலப்பின ஈஸ்ட்டுக்குக் குளிர் பிடிக்குமா சூடு பிடிக்குமா என்பதை, எந்தப் பெற்றோரின் மைட்டோகாண்ட்ரியா அதற்கு வாய்த்தது என்பதும் தீர்மானிக்கிறது என்று அவை காட்டின. லாகர் ஈஸ்ட் வைத்திருப்பது குளிர்ப் பெற்றோரின் மைட்டோகாண்ட்ரியாவை.

குளிருக்கென்று ஒற்றை மரபணு இல்லை என்பது இத்தனை வழிகளைப் பார்த்தாலே விளங்கும். ஸ்பெயினில் வலென்சியா ஆய்வாளர்கள் ஒரு ஒயின் ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குளிரிலேயே வளர்த்து, தேறியதை ஆராய்ந்தார்கள். இனோசிட்டாலும் செல்சுவரின் மேனோபுரதங்களும் அதில் முக்கியப் பங்கு வகித்தன. வேறு ஈஸ்ட் ஜோடிகளை ஒப்பிட்டபோது கந்தகச் சேர்க்கையின் பங்கு வெளிப்பட்டது.

இப்போது இம்மடலின் முக்கிய சாட்சிக்கு வருவோம். போர்ச்சுகலில் ஜோசே பாவுலோ சம்பையோவும் பாவுலா கொன்சால்வெஸும் ஓக் மரப்பட்டைகளிலிருந்து ஈஸ்ட் சேகரித்தார்கள். பட்டைத் துணுக்குகளை ஊடகத்தில் போட்டு, ஒரு தொகுதியை 30 டிகிரியிலும் மறு தொகுதியை 10 டிகிரியிலும் வைத்தார்கள். 30 டிகிரியில் வந்தவை செரிவிசியேயும் அதன் உறவினரான பாரடாக்ஸஸும். 10 டிகிரியில் வந்தவை உவாரமும் குட்ரியாவ்செவியும். அதே காடு, அதே மரப்பட்டை. அதுவரை ஐரோப்பாவில் குட்ரியாவ்செவியின் பங்கு கலப்பினங்களில் மட்டும் தெரிந்தது. அந்தப் பெற்றோர் எங்கே இருக்கிறது என்பது புதிராக இருந்தது. 2008-இல் இந்த முடிவு வந்தபோது, அது ஓக் பட்டையில் தன் உறவினர்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது தெரியவந்தது. எல்லோரும் 30 டிகிரியில் மட்டும் தேடியிருந்தால் அது இன்றும் அகப்பட்டிருக்காது.

ஆகவே உங்களிடம் சில கோரிக்கைகள்.

உங்கள் துறையில் பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்று இருக்கும். குளிர்விக்கவும் தெரிந்த அந்தப் பெட்டியை 12 டிகிரியில் வையுங்கள். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத திராட்சைச் சாற்றைப் பிழிந்து, 200 மில்லிலிட்டர் வீதம் 250 மில்லி குடுவைகளில் ஊற்றி, வாயு மட்டும் வெளியேறும்படி தக்கையில் குழாய் பொருத்துங்கள். நாள்தோறும் குடுவையை எடை போடுங்கள். வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் அளவுக்கு எடை குறையும். லிட்டருக்கு 180 கிராம் சர்க்கரை உள்ள சாறென்றால் ஒரு குடுவையில் 36 கிராம் சர்க்கரை. முழுவதும் நொதித்தால் 17 கிராம் வரை குறையலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், நல்ல தராசு போதும்.

ஒரு குடுவை 30 டிகிரியில் இருக்கட்டும். 12 டிகிரியில் இரண்டு வையுங்கள்: ஒன்றில் 30 டிகிரியில் வளர்த்த ஈஸ்ட்டையும், மற்றொன்றில் ஏற்கெனவே 15 டிகிரியில் பழக்கிய ஈஸ்ட்டையும், செல்களை எண்ணி ஒரே அளவில் போடுங்கள். அதிர்ச்சிக்கும் பழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் வரைபடத்தில் விழுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். ஈஸ்ட் எந்த வகை, டிரிப்டோஃபேன் செய்யுமா செய்யாதா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சுவைத்துப் பார்க்கும் சோதனை அன்று இது.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. கொடைக்கானலிலும் உதகையிலும் சோலைக்காடுகள் இருக்கின்றன. வனத்துறையின் அனுமதி பெற்று அங்கே விழுந்துகிடக்கும் மரப்பட்டைகளைச் சேகரியுங்கள். பாதியை 30 டிகிரியிலும் பாதியை 10 டிகிரியிலும் வையுங்கள். 10 டிகிரித் தொகுதிக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். ஒன்றும் வரவில்லையே என்று முதல் வாரத்தில் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். என்ன கிடைத்தது என்பதோடு, எந்த வெப்பநிலையில் தேடினீர்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள்.

அன்புடன்,
இப்பத்தியின் எழுத்தாளர்